பெரியப்பாவுக்கு ஓர் ஓடை

பெரியப்பா: அந்தக் கல்வெட்டு இணையதளத்தில் தாராசுரம் பற்றி மூன்று கட்டுரை வந்திருக்கிறதாம், ஒன்றும் என் கண்ணில் படவில்லை. தினமும் பன்னிரண்டு தளத்தைத் திறந்து பார்க்க முடியுமா? புதிதாக வந்தால் தானே வந்து சேருகிற மாதிரி வழி இல்லையா?

நான்: இருக்கிறது பெரியப்பா. ஆர்எஸ்எஸ்.

சித்தி: நான் அரசியல் என்று நினைத்தேன்!

நான்: பெயர் மட்டும்தான் அப்படி சித்தி. 1999-லேயே வந்தது. தளம் தன் புதிய பதிவுகளின் தலைப்பு, தேதி, இணைப்பு எல்லாவற்றையும் ஒரு கோப்பில் எழுதி வைக்கும், அதுதான் ஓடை. போனில் இருக்கும் செயலி அந்தக் கோப்பை அவ்வப்போது எட்டிப் பார்த்து, புதியதை மட்டும் எடுத்துவந்து வரிசையாக வைக்கும்.

பெரியப்பா: போன் நம்பர், மெயில் எல்லாம் கேட்குமா?

நான்: ஃபீடர் என்ற செயலியில் கணக்கே வேண்டாம், இலவசம். புதிய ஓடை சேர்க்கும் இடத்தில் தளத்தின் முகவரியை ஒட்டுங்கள், ஓடையை அதுவே கண்டுபிடிக்கும்.

அக்கா: ஐபோன் என்றால் நெட்நியூஸ்வயர். நான் முன்பு கூகுள் ரீடரில் படித்தேன், 2013 ஜூலையில் மூடிவிட்டார்கள், ஆனாலும் என் ஓடைகள் ஒன்றும் போகவில்லை. முழுப் பட்டியலையும் ஓபிஎம்எல் கோப்பாக இறக்கி வேறு செயலியில் ஏற்றிவிட்டேன். அதனால்தான் இதை விடவே மனமில்லை. எதைப் படிப்பது என்று நாம்தான் முடிவு செய்கிறோம், நடுவில் யாரும் மேலே கீழே மாற்றி வைப்பதில்லை. தமிழ் விக்கிப்பீடியாவில் நம் ஊர்க் கட்டுரையின் வரலாற்றுப் பக்கத்துக்குக்கூட ஓடை உண்டு, யார் திருத்தினாலும் எனக்குத் தெரிந்துவிடும்.

சித்தி: யூடியூப் சேனலுக்கு?

அக்கா: அதற்கும் உண்டு சித்தி. நீங்கள் கேட்கிற பாட்காஸ்ட் வருவதும் இதே ஓடையில்தான்.

பெரியப்பா: பதினொன்று சேர்த்துவிட்டேன் தம்பி. கல்வெட்டுத் தளம் மட்டும் வர மாட்டேன் என்கிறது.

நான்: அது வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் நடக்கும் தளம்தான். முகவரி முடிவில் ஒரு சாய்வுக்கோடு போட்டு, ஆங்கிலத்தில் எஃப் ஈ ஈ டி என்று சேர்த்துப் பாருங்கள். ஆனால் பெரும்பாலும் கடைசிப் பத்துப் பதிவுதான் இருக்கும், பழையதற்குத் தளத்துக்கே போக வேண்டும். சில தளங்கள் முதல் பத்தியை மட்டும் கொடுக்கும், மிச்சத்தையும் அங்கே போய்த்தான் படிக்க வேண்டும்.

பெரியப்பா: வந்துவிட்டது! தாராசுரம் மூன்றும் இருக்கிறது. முதலாவதைத் திறந்துவிட்டேன், அப்புறம் பேசுகிறேன்.