கையெழுத்து திரட்டி அரசியலமைப்பைத் திருத்துவது: தமிழில் என்ன சொல்லலாம்?

வியாசர்பாடியிலிருந்து:
அன்பர்களே, திங்கட்கிழமை ஒன்பதாம் வகுப்புக்கு அடிப்படை உரிமைகள் பாடம். கூடவே சுவிட்சர்லாந்து முறையையும் சொல்ல எண்ணம். அங்கே 18 மாதத்துக்குள் ஒரு லட்சம் வாக்காளர் கையெழுத்திட்டால் அரசியலமைப்புத் திருத்தத்தை மக்கள் வாக்கெடுப்புக்குக் கொண்டுபோகலாம். இதற்கு ஒரு சொல் வேண்டும். ஞாயிறு மாலைக்குள் ஜெராக்ஸ் கடைக்குக் கொடுத்தாக வேண்டும்.

ராயபுரத்திலிருந்து:
'மக்கள் மனு' போதுமே. தெருவில் தண்ணீர் வரவில்லை என்று கையெழுத்து வாங்கினாலும் அதைத்தான் சொல்கிறோம்.

பெரம்பூரிலிருந்து:
மனு கொடுத்தால் ரசீது வரும், வாக்கெடுப்பு வருமா? 'குடிமுந்துறவு' என்று வைப்போம். குடிசெய்வேன், அதாவது குடியை உயர்த்துவேன் என்று கிளம்பியவனுக்குத் தெய்வமே 'தான்முந்துறும்', முன்வந்து உதவும் என்கிறார் வள்ளுவர் (குறள் 1023). முந்து, முந்தை, முந்தல், முந்தானை எல்லாம் ஒரே கிளை.

தண்டையார்பேட்டையிலிருந்து:
ஐயா, முந்தானை என்பது முன் + தானை. தானை என்றால் துணி. தவிர, அந்தக் குறளில் குடி என்பது பிறந்த குடும்பம், வாக்காளர் அல்ல.

வியாசர்பாடியிலிருந்து:
கரும்பலகையில் 'குடி' என்று எழுதினால் கடைசி பெஞ்சு சிரித்து முடிக்கவே பாதி வகுப்பு போய்விடும்.

தண்டையார்பேட்டையிலிருந்து:
'மக்கள் திருத்த முன்மொழிவு'? சங்கத் தேர்தலில் ஒருவர் முன்மொழிய, இன்னொருவர் வழிமொழிவார். இங்கே வழிமொழிய ஒரு லட்சம் பேர் வேண்டும், அவ்வளவுதான்.

ராயபுரத்திலிருந்து:
சரி, 1951-ல்? கல்லூரி இடங்களைச் சாதி, மத வாரியாகப் பங்கிட்ட வகுப்புவாரி அரசாணை செல்லாது என்று தீர்ப்பு வந்ததும் இங்கே பெரிய கிளர்ச்சி. அரசியலமைப்பின் முதல் திருத்தத்தில், பிற்படுத்தப்பட்டோருக்குச் சிறப்பு ஏற்பாடு செய்ய இடம் தரும் 15(4) சேர்ந்தது. அதுவும் மக்கள் முன்மொழிவுதானே?

தண்டையார்பேட்டையிலிருந்து:
இல்லை. மக்கள் நெருக்கினார்கள், முன்மொழிந்தது அரசு. நம் அரசியலமைப்பின் 368-ஆவது பிரிவுப்படி திருத்த மசோதாவை நாடாளுமன்றத்தின் ஏதாவது ஓர் அவையில்தான் தொடங்க முடியும். எத்தனை லட்சம் கையெழுத்து வாங்கினாலும் நம்மிடம் அது மனுதான். எந்தச் சொல்லை வைத்தாலும் இதைக் கொட்டை எழுத்தில் போடுங்கள். இல்லாவிட்டால் பிள்ளைகள் மறுநாளே கையெழுத்து வேட்டைக்குக் கிளம்பிவிடுவார்கள்.

ராயபுரத்திலிருந்து:
கிளம்பட்டுமே!

பெரம்பூரிலிருந்து:
'மசோதா' என்று எழுதியதைப் பார்த்தேன். 'சட்டமுன்வடிவு' என்ன பாவம் செய்தது?

வியாசர்பாடியிலிருந்து:
அதற்குத் தனி இழை தொடங்குங்கள் ஐயா, கும்பிட்டுக் கேட்கிறேன். 'மக்கள் திருத்த முன்மொழிவு' என்று அடித்துக் கொடுத்துவிட்டேன். மனுவுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு முதல் பத்தியில் இருக்கிறது.

பெரம்பூரிலிருந்து:
மூன்று சொல் சேர்ந்தால் அது விளக்கம், கலைச்சொல் அல்ல. என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். அப்புறம், முந்தானை பற்றி நாளை விரிவாக எழுதுகிறேன்.