[கலைச்சொல்] பயாஸ், கிராபிக்ஸ் கார்டு: கையேட்டில் எப்படி எழுதுவது?

அன்புள்ள குழுவினருக்கு,

பள்ளி மாணவர்களுக்காக வீட்டுக் கணினிப் பராமரிப்புக் கையேடு ஒன்றை எழுதிவருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. திரைக்குப் படம் அனுப்பும் கிராபிக்ஸ் கார்டு ஒன்றைப் புதிதாகப் பொருத்தியும் திரை இருண்டே கிடந்தால் என்ன செய்வது என்ற பத்தியில் நிற்கிறேன். திரையின் கேபிள் தாய்ப்பலகையில் (கணினியின் முதன்மைச் சுற்றுப்பலகையில்) செருகப்பட்டிருந்தால் கார்டுக்கு மாற்ற வேண்டும். அப்படியும் தெரியவில்லையென்றால் கேபிளைத் திரும்பத் தாய்ப்பலகையில் செருகி, படம் வந்தால் கணினியை எழுப்பும் நிரலான பயாஸில் நுழைந்து, எந்த வரைகலைக்கு முதலிடம் என்ற செட்டிங்கைப் பார்க்க வேண்டும். கிராபிக்ஸ் கார்டு, பயாஸ், செட்டிங் மூன்றுக்கும் சொல் தேவை.

அன்புடன்,
கையேட்டு ஆசிரியர்

---

ஆசிரியருக்கு வணக்கம்.

'வரைகலை அட்டை', 'அமைப்பு' இரண்டும் வழக்கில் ஊன்றிவிட்டன. 'வரைக்கலை' என்று ஒற்று மிகுத்து எழுதுவோரை அடிக்கடி காண்கிறேன். அது வினைத்தொகை, வல்லினம் மிகாது. அகத்திணையில் வரைதல் என்றால் மணத்தல். தலைவியை மணக்கும்படி தலைவனைத் தூண்டும் வரைவு கடாதல் துறையை அறியாதவர் இக்குழுவில் இல்லை. குறிஞ்சியில் வரை என்றால் மலை. எல்லைக்கும் அதே சொல். இத்தனை பொருளைத் தாங்கிய வேர் ஓவியத்தையும் தாங்கும்.

பயாஸுக்குக் 'கால்கோள்' என்பதை முன்மொழிகிறேன். சிலம்பின் இந்திர விழாவில் கால்கோள் என்பது தொடக்கம். மின்சாரம் பாய்ந்ததும் நினைவகத்தையும் விசைப்பலகையையும் சோதித்து, இயங்குதளத்தை எழுப்பி, பொறுப்பை அதனிடம் ஒப்படைக்கும் நிரலுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் ஏது?

தமிழாசிரியர், தஞ்சை

---

ஐயா, தொல்காப்பியர் வெட்சி என்னும் புறத்திணையில் வைத்த காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல் என்ற வரிசையை விட்டுவிட்டீர்களே! அங்கே கால்கோள் நடுகல்லுக்கு உரியது. சிலம்பின் வஞ்சிக் காண்டத்தில் ஒரு காதைக்கே அப்பெயர். இறந்த வீரனுக்கு எடுக்கும் கல்லின் நினைவை உயிர்த்தெழும் கணினிக்கு ஏற்றலாமா?

'தொடக்க நிரல்' என்று எளிமையாகச் சொல்வோம்.

ஆய்வு மாணவி, மதுரை

---

வணக்கம்.

நான் கணினி பழுதுபார்ப்பவன். 'தொடக்க நிரல்' கூடவே கூடாது. இயங்குதளம் எழுந்ததும் தாமாக ஓடும் செயலிகளை மாணவர்கள் அப்படித்தான் அழைப்பார்கள், இரண்டும் குழம்பும். 'நிலைபொருள்' (ஃபர்ம்வேர், வன்பொருளிலேயே பதிந்த நிரல்) என்றால் அச்சுப்பொறிக்கும் ரௌட்டருக்கும் கூட அது உண்டு. வரைகலை அட்டைக்கே தனியாக ஒரு பயாஸ் இருக்கிறது. சில பழைய அட்டைகளின் பயாஸைப் புதிய தாய்ப்பலகை ஏற்காது. இசைவுக்கான அமைப்பை இயக்கினால்தான் படம் வரும். அந்த இடத்தில் 'அட்டையின் கால்கோள்' என்று எழுதினால் யாருக்குப் புரியும்?

'அடிப்படை உள்ளீட்டு வெளியீட்டு முறைமை' என்று விரித்தும் எழுத வேண்டாம். 1975 வாக்கில் கேரி கில்டால் தம் சிபி/எம் இயங்குதளத்தில், வன்பொருளுக்கு ஏற்ப மாறும் பகுதியைத் தனியே பிரித்து அதற்கு இட்ட பெயர் அது. இன்றைய தாய்ப்பலகைகளில் இருப்பது அதன் இடத்துக்கு வந்த யுஇஎஃப்ஐ. பெயர் மட்டும் பழையதாகவே நீடிக்கிறது. விரிவை மொழிபெயர்த்தால் ஐம்பதாண்டுப் பழைய வேலையைத்தான் மாணவருக்குச் சொல்வோம்.

மாணவர் திரையில் காணப்போவதும் தமிழை அல்ல. டெலிட் அல்லது எஃப்2 விசையை அழுத்தி உள்ளே போனால் 'ஐஜிஎஃப்எக்ஸ்', 'பிஇஜி' என்றெல்லாம் இருக்கும். முன்னது மையச் செயலகத்தோடு (சிபியு) சேர்ந்த வரைகலை. பின்னது தாய்ப்பலகையின் பிசிஐ எக்ஸ்பிரஸ் துளையில் செருகிய அட்டை. கையேடு இதைத்தான் விளக்க வேண்டும். அட்டைக்குத் துளை தரும் மின்சாரம் 75 வாட் வரைதான் என்பதையும், கூடுதல் மின்கம்பியைச் செருக மறந்தாலும் படம் வராது என்பதையும் தயவுசெய்து சேருங்கள். பயாஸை பயாஸ் என்றே எழுதுங்கள்.

கோவை

---

நண்பர்களே,

ஒலிபெயர்ப்பு எல்லோருக்கும் பொது என்று எண்ண வேண்டாம். நீங்கள் டிவி என்பதை நாங்கள் ரிவி என்று எழுதுகிறோம். உங்கள் கார்டு எங்களுக்குக் காட். 'வரைகலை அட்டை' என்றால் இரு கரைக்கும் ஒரே எழுத்து. பயாஸ் விடயத்தில் கோவை நண்பரை ஏற்கிறேன், மனமில்லாமல்தான்.

யாழ்ப்பாணத்திலிருந்து

---

'வடசொற் கிளவி வடவெழுத்து ஒரீஇ' என்ற தொல்காப்பிய நூற்பாவின், வடவெழுத்தை நீக்கி எழுதும் நெறி பிறமொழிச் சொல் எல்லாவற்றுக்கும் பொருந்தும். கடன் வாங்குவதாயின் 'பயாசு' என்று எழுதுக. கிரந்த எழுத்தை ஏன் சுமக்க வேண்டும்?

தமிழாசிரியர், தஞ்சை

---

ஐயா, 'பயாசு' என்று படித்த மாணவன் கடைக்காரரிடம் அதையே சொல்லி நிற்பான். அவருக்கும் விளங்காது, அவனுக்கும் விளக்கத் தெரியாது. பஸ்ஸை நாம் பசு என்றா எழுதுகிறோம்?

ஆய்வு மாணவி, மதுரை

---

அன்புள்ள அனைவருக்கும்,

வரைகலை அட்டை, அமைப்பு, பயாஸ் என்றே அச்சுக்கு அனுப்புகிறேன். பயாஸ் முதலில் வரும் இடத்தில் 'கணினியை எழுப்பி வன்பொருளைச் சோதிக்கும் நிரல்' என்று ஒரு வரி விளக்கம் இருக்கும். மின்கம்பிக் குறிப்பையும் சேர்த்துவிட்டேன். நன்றி.

கையேட்டு ஆசிரியர்

---

அச்சுக்குப் போனதில் மகிழ்ச்சி. ஆனால் பயாஸ் பற்றி எனக்கு உடன்பாடு இல்லை. டிரைவருக்கு 'இயக்கி' என்றபோதும் கடைக்காரருக்குப் புரியாது என்றுதான் சொன்னார்கள். அடுத்த பதிப்புக்குக் கால்கோளை மீண்டும் முன்மொழிவேன். நடுகல் பற்றிய மறுப்புக்கு விரிவான விடை தனி மடலில்.

தமிழாசிரியர், தஞ்சை