லிப்ஸ்டிக் பனை: புதுக் குருத்து மட்டும் கருகுகிறது

தரையில் வைத்து 14 மாதமான லிப்ஸ்டிக் பனை (சிவப்பு மட்டைக் காம்புள்ள அழகுப் பனை), நாலடி உயரம், மூன்று தண்டு. ஆறு வாரமாகப் புதுக் குருத்து குட்டையாக வந்து, பாதி விரிந்ததுமே நுனி சுருண்டு கருகுகிறது. பழைய மட்டைகளின் சிவப்பு கொஞ்சமும் மங்கவில்லை.

காலை வெயில், பிற்பகல் நிழல். சதுப்புநிலப் பனை என்பதால் தினமும் தண்ணீர். போர்வெல் தண்ணீர்தான், வாளியில் வெள்ளைப் படிவு கட்டும். மண்ணின் பிஎச் 7.8 (சற்றுக் காரத்தன்மை).

குருத்தை இழுத்துப் பார்த்தாயிற்று: கழன்று வரவில்லை, அழுகல் வாடை இல்லை, வண்டுத் துளையும் இல்லை. மெக்னீசியம் சல்பேட் 20 கிராம் இருமுறை போட்டும் பலனில்லை (அந்தக் குறைபாடு பழைய மட்டையில்தானே முதலில் தெரியும்). ஒரு மாதமாகப் போர்வெல் தண்ணீரை நிறுத்தி மழைநீர் மட்டும். அடுத்த குருத்தும் அப்படியே.

இது மாங்கனீசுக் குறைபாடா, போரான் குறைபாடா; இலையை வைத்து எப்படிப் பிரித்தறிவது?