அமலை மூடிய குளங்கள்: நேரில் கண்டவற்றைப் பகிர்வோம்

குளத்தங்கரை:
தாமிரபரணிப் பாசனத்தில் உள்ள எங்கள் ஊர்க் குளத்தை அமலை என்னும் மிதக்கும் களைச்செடி மூடிய விதத்தை விவரிக்கத் தேவையில்லை. எல்லா ஊரிலும் அதே கதைதான். கார்த்திகையில் ஒரு காலை, பக்கத்து வீட்டுக் கன்றுக்குட்டி கரையில் மேய்ந்துகொண்டே போய், பச்சைப்பசேல் என்று கிடந்த அதைப் புல்தரை என்று எண்ணிக் கால் வைத்தது. தண்ணீர் தெறிக்கும் ஓசைகூடக் கேட்கவில்லை. இலைகள் விலகின, கழுத்து மணியின் ஓசை நின்றது, ஊதாப் பூக்கள் சற்று ஆடின, இலைகள் மறுபடியும் கூடிக்கொண்டன. மூன்று பேர் இறங்கி, கொத்துக் கொத்தாகத் தொங்கிய கறுத்த வேர்களை விலக்கித் தேடி எடுத்தபோது அதற்கு மூச்சு இல்லை. நான் நீந்தக் கற்ற அந்தக் குளத்தில் அன்று கை வீச இடம் கிடைக்கவில்லை.

நீர்க்கோழி:
படிக்கவே மனம் கனக்கிறது. பெயரைப் பற்றி ஒரு விளக்கம் மட்டும். அமலையைச் செய்தித்தாள்கள் ஆகாயத்தாமரை என்று எழுதுகின்றன; சித்த மருத்துவம் சொல்லும் ஆகாயத்தாமரை, ரோஜா இதழ்களைப் போல இலைகள் அடுக்கடுக்காக அமைந்த வேறொரு மிதக்கும் செடி. நம் குளங்களை மூடுவது வெங்காயத்தாமரை. கோவையில் எங்கள் தெருப் பெரியவர் ஒருவர், மூலத்துக்கு மருந்து என்று சாக்கடை கலக்கும் குளத்திலிருந்து இதைப் பறித்து வந்தார். புடைத்த இலைக்காம்பை நான் நறுக்கி, உள்ளே பஞ்சுபோல் காற்று நிறைந்திருப்பதைக் காட்டிய பிறகுதான் கீழே போட்டார்.

கண்மாய்க்காரன்:
பெயர் முக்கியம்தான், ஆனால் கன்றைப் பறிகொடுத்ததைச் சொன்னவரிடம் முதலில் பேச வேண்டியது அதுவன்று. வைகைக் கரையில் எங்கள் கண்மாயை இயந்திரம் வைத்துச் சுத்தம் செய்தார்கள், நான்கே மாதத்தில் மறுபடியும் மூடிவிட்டது. ஆகவே சொல்கிறேன்: தண்ணீர் வற்றும் மாசி, பங்குனியில், பூ விடுவதற்கு முன்பே வேரோடு எடுத்துவிடுங்கள், சேற்றில் விழும் விதை இருபது ஆண்டுகள் வரைகூட முளைக்கும் திறனோடு கிடக்கும். அள்ளியதைக் கரையில் குவிக்காமல் வெள்ளம் எட்டாத இடத்துக்குக் கொண்டுபோய்க் காய வையுங்கள். களைக்கொல்லி தெளிக்கச் சம்மதிக்காதீர்கள், செத்த செடி அழுகும்போது நீரிலுள்ள ஆக்சிஜன் குறைந்து மீன் மடியும். இச்செடியின் தாயகமான தென் அமெரிக்காவைச் சேர்ந்த கூன்வண்டுகளை 1980களில் பெங்களூரில் விட்டுப் பார்த்தார்கள்; அவை செடியைத் தளர்த்தும், ஆனால் அதற்குச் சில ஆண்டுகள் பிடிக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, குளத்தில் விழும் கழிவுநீரைத் தடுக்க வேண்டும். அதிலுள்ள நைட்ரஜனும் பாஸ்பரசும் கிடைத்துக்கொண்டிருக்கும்வரை, இரண்டு வாரத்தில் இரு மடங்காகப் பெருகக்கூடிய செடியை எந்த ஊராலும் அள்ளி முடிக்க முடியாது.

குளத்தங்கரை:
எங்கள் குளத்திலும் அள்ளியதைக் கரையில்தான் குவித்தார்கள். அடுத்த மழைக்குப் பாதி சரிந்து தண்ணீருக்குள் இறங்கிவிட்டது. மிச்சக் குவியலை மேட்டுக்கு ஏற்ற நாளைக்கு ஒரு டிராக்டர் கேட்டிருக்கிறேன். கன்றுக்குச் சொந்தக்காரரும் வருவதாகச் சொன்னார்.