தொடக்கக் கோப்பில் ஒரு வரி: வன்னியிலிருந்து சில அனுபவங்கள்

கிளிநொச்சியிலிருந்து:

என் மடிக்கணினியின் பற்றரி செத்து நெடுநாளாகிவிட்டது. மின்சாரம் நின்றால் அந்தக் கணமே அதுவும் நின்றுவிடும். 2022ஆம் ஆண்டு மின்வெட்டுக் காலத்தில், எங்கள் ஊர்க் கமக்காரர் அமைப்புக்காக விதைநெல் கணக்கைக் கூட்டித் தரும் சிறு நிரல் ஒன்றை விம் என்ற உரைதிருத்தியில் எழுதிக்கொண்டிருந்தேன்.

விம் திறக்கும்போது நம் வீட்டு அடைவில் (கணினியில் நமக்கென்று உள்ள ஹோம் கோப்புறையில்) இருக்கும் விம்ஆர்சி என்ற அமைப்புக் கோப்பைத் தேடி வாசிக்கும். நான் அதைத் தெரிந்த ஒருவரிடமிருந்து அப்படியே படியெடுத்து வைத்திருந்தேன். அதில் 'செட் நோஸ்வாப்ஃபைல்' என்று ஒரு வரி. ஸ்வாப் கோப்பு என்ற மறைகோப்பை உண்டாக்காதே என்று விம்முக்குச் சொல்வது அது. கோப்புக்குப் பக்கத்தில் மறைகோப்பு முளைப்பது பிடிக்காமல் அவர் போட்டிருப்பார். நான் அதை வாசிக்கவே இல்லை. ஒருநாள் பின்னேரம் சேமிக்காமல் எழுதிக்கொண்டே போனபோது மின்சாரம் நின்றது. ஒரு மணி நேர வேலை போய்விட்டது.

மின்சாரம் திரும்பியதும் அந்த விம்ஆர்சியை வரிவரியாக வாசித்து, ஒவ்வொரு வரியும் என்ன செய்கிறது என்று தேடிப் பார்த்தேன். ஸ்வாப் கோப்பு குப்பை அல்ல. 200 எழுத்துகள் தட்டியதும், அல்லது 4 விநாடி கையை எடுத்ததும், அதுவரை எழுதியதை விம் அதில் பதிந்துவிடுகிறது. அடுத்த முறை திறக்கும்போது எச்சரிக்கை வரும். ஆர் விசையை அழுத்தினால் எழுதியது மீளும். அந்த வரியை அழித்தேன். ஸ்வாப் கோப்புகள் எல்லாம் ஒரே அடைவில் சேரும்படி 'டைரக்டரி' அமைப்பை மாற்றினேன். அந்த அடைவை நாமே முன்கூட்டி உண்டாக்கி வைக்க வேண்டும். பாதையின் முடிவில் சாய்கோடு இரண்டு இட வேண்டும். அப்போதுதான் வெவ்வேறு இடத்தில் உள்ள ஒரே பெயர்க் கோப்புகள் மோதாது. அதன் பிறகு எத்தனையோ முறை மின்சாரம் போயிருக்கிறது. ஓரிரு வரிக்கு மேல் நான் இழந்ததில்லை.

முல்லைத்தீவிலிருந்து:

அண்ணா, நான் பட்டது வேறு. என்னிடம் விம்ஆர்சியே இருக்கவில்லை. கோப்பைத் திறந்தால் முதல்நாள் நிறுத்திய வரியிலேயே போய் நிற்கும். வரி எண் தெரிய வேண்டும் என்று விம்ஆர்சி ஒன்றை உண்டாக்கி, 'செட் நம்பர்' என்று ஒரேயொரு வரி எழுதினேன். எண் வந்தது. ஆனால் கோப்பு முதல் வரியில் திறந்தது, நிரலின் நிறங்களும் போயின. ஒரு வரியால் இவ்வளவா என்று இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன்.

விடை உதவிப் பக்கத்திலேயே இருந்தது. 2016இல் வந்த எட்டாம் பதிப்பிலிருந்து, நமக்கென்று விம்ஆர்சி இல்லாவிட்டால் மட்டுமே விம் தன்னோடு வரும் இயல்பு அமைப்புகள் கொண்ட டிஃபால்ட்ஸ் கோப்பை எடுத்துக்கொள்கிறது. நம் கோப்பு வந்ததும் அது விலகிவிடும். விம்ஆர்சியின் தலைவரியாக அந்த டிஃபால்ட்ஸ் கோப்பைச் சோர்ஸ் செய்யச் சொன்னேன், அதாவது அதையும் வாசித்துக்கொள்ளச் சொன்னேன். நிறமும் திரும்பியது, நிறுத்திய இடமும் திரும்பியது. புதிதாகத் தொடங்கும் தங்கச்சிமாருக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது இந்த வரியைத்தான்.

வவுனியாவிலிருந்து:

தங்கச்சி சொன்ன சிக்கலில் நானும் மாட்டியிருக்கிறேன். அப்படிக் குழம்பும்போது, கட்டளை வரியில் 'க்ளீன்' தெரிவோடு விம்மைத் திறந்து பாருங்கள். நம் விம்ஆர்சியையும் நாம் நிறுவிய செருகுநிரல்களையும் தொடாமல் திறக்கும். அப்போது எல்லாம் சரியென்றால் பிழை நம் கோப்பிலோ செருகுநிரலிலோதான். நான் விம்ஆர்சியின் பாதி வரிகளுக்கு முன்னால் இரட்டை மேற்கோள்குறி இட்டு முடக்கி, பிறகு மற்றப் பாதியை முடக்கி, இப்படியே தேடுவேன். திறக்க நேரமெடுத்தால் 'ஸ்டார்ட்அப்டைம்' தெரிவு எந்தக் கோப்புக்கு எத்தனை மில்லிவிநாடி என்று எழுதித் தரும். என் பழைய கணினியில் நான் எப்போதோ நிறுவி மறந்துபோன ஒரு செருகுநிரல்தான் நேரத்தைத் தின்றது. அன்றைக்கே அதைக் கழற்றிவிட்டேன்.