இலை ஹொப்ஸ் போட்டேன்: குழாய் அடைத்துவிட்டது, கசப்பும் தாங்க முடியவில்லை. உதவி தேவை

கொக்குவில் புதியவன் | வெள்ளி இரவு 9.12
அவசரம். வீட்டில் பியர் தயாரிக்கிறேன், இது இரண்டாவது தடவை. முதல் தடவை, பியருக்குக் கசப்பும் மணமும் கொடுக்கிற ஹொப்ஸைப் பெல்லெற்றாக, அதாவது குளிகையாகப் போட்டேன், நன்றாக வந்தது. இந்தத் தடவை மச்சான் இலண்டனிலிருந்து கொடுத்துவிட்ட இலை ஹொப்ஸ். அதே குறிப்பு, அதே அளவு. கொதிக்கவைத்து இறக்கிக் குழாயைத் திறந்தால் நூல்போல ஒழுகி நின்றுவிட்டது. கம்பியால் குத்தினேன், இரண்டு நிமிடம் ஓடி மறுபடியும் நின்றது. கடைசியில் பானையைச் சரித்து ஊற்றினேன். ஒரு லீற்றருக்கு மேல் இலைக்குள்ளேயே போய்விட்டது. ஆறிய பிறகு ஒரு கரண்டி சுவைத்தேன். வேப்பங்காயைக் கடித்ததுபோல நாக்கின் இரு பக்கமும் இழுத்துப் பிடிக்கிறது. இலை என்றால் இப்படித்தானா? இன்னும் அரைப் பொதி இருக்கிறது. எறிந்துவிடவா?

வடலி | இரவு 9.30
எறியாதீர்கள். எத்தனை லீற்றர், எத்தனை கிராம், என்ன வகை, கொதியின் தொடக்கத்தில் போட்டீர்களா கடைசியிலா? பொதியில் கசப்பைத் தரும் அல்பா அமிலம் எத்தனை சதவீதம் என்று அச்சிட்டிருக்கும், அதையும் எழுதுங்கள். இவை தெரியாமல் எவரும் ஊகிக்கத்தான் முடியும்.

ஈஸ்ட்ஹாம் மாமா | இரவு 9.41
தம்பி, முதலில் அது இலையே அல்ல. ஹொப்ஸ் கொடியின் பெண் பூங்கொத்து. பெயரைச் சரியாகத் தெரிந்துகொள்ளாமல் பானையை அடுப்பில் வைத்தால் இப்படித்தான் முடியும். நான் இங்கே பல வருடங்களாக முழுப்பூவைத் தவிர வேறொன்றும் போடுவதில்லை. பெல்லெற் என்பது அதே பூவை உலர்த்தி, இடித்து, அழுத்திய குளிகை. ‘டி-90’ என்று பொதியில் போட்டிருப்பதைப் பார்த்து 90 மடங்கு வீரியம் என்று நினைக்கிறவர்களும் இருக்கிறார்கள். 100 கிலோ பூவிலிருந்து ஏறத்தாழ 90 கிலோ குளிகை கிடைக்கும், பெயருக்குக் காரணம் அவ்வளவுதான். பூவுக்குள் மஞ்சள் பொடியாக இருக்கும் லுபுலின் இடிபடும்போது உடைந்து வெளியே வருகிறது. ஆகவே பெல்லெற் 100 கிராம் போடுகிற இடத்தில் முழுப்பூ 110 கிராம் வேண்டும். அதே அளவு போட்டால் கசப்பு குறைய வேண்டுமே தவிர அதிகரிக்கக் கூடாது. நீங்கள் எதையோ தவறாக நிறுத்திருக்கிறீர்கள்.

திருநெல்வேலிச் சந்தை | இரவு 9.58
குழாய் அடைப்புக்கு வழி வீட்டிலேயே இருக்கிறது. புதிய நீற்றுப்பெட்டி ஒன்றைக் கழுவி, பானையின் வாயில் வைத்து ஊற்றுங்கள். பூவெல்லாம் பெட்டியில் நின்றுவிடும். பிட்டு அவிக்கிற ஆவியைத் தாங்குகிற பெட்டி இதையும் தாங்கும்.

மருந்தாளர் | இரவு 10.05
சூடாக இருக்கும்போது மட்டும் சரி. ஆறிய பிறகு ஓலைப் பின்னல் வேண்டவே வேண்டாம். இடுக்குகளில் நுண்ணுயிர் ஒளிந்திருக்கும், கழுவினால் போகாது. முழுப் பானையும் புளித்துவிடும். மெல்லிய நைலோன் துணியில் பை தைத்து, பூவை அதற்குள் போட்டுக் கொதிக்க விடுங்கள். பையில் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள், பூ ஊதிப் பெருக்கும். பெல்லெற் அப்படியல்ல, கரைந்து சேறாக அடியில் படியும். மேலே மிதந்து குழாய்க்குள் இழுபடுவது முழுப்பூவின் இதழ்தான்.

ஸ்காபரோ அக்கா | இரவு 10.20
தம்பி, பொதி எப்படி வந்தது? பயணப்பெட்டியிலா? வந்த பிறகு எங்கே வைத்தீர்கள்? யாழ்ப்பாண வெக்கையில் அலுமாரிக்குள் வைத்த ஹொப்ஸ் சில வாரங்களில் கெட்டுவிடும். மிச்சத்தில் ஒரு பூவை எடுத்து நகத்தால் நீளவாட்டில் பிளந்து பாருங்கள். இதழ்களின் அடியில், தண்டோடு ஒட்டினாற்போல, நல்ல மஞ்சள் நிறத்தில் பிசுபிசுப்பான பொடி இருக்க வேண்டும். உள்ளங்கைகளுக்கிடையில் வைத்துத் தேய்த்து முகர்ந்தால் எலுமிச்சந்தோல், புல், பூ என்று ஏதாவது வர வேண்டும். பொடி செம்மஞ்சளாகி, பழைய சீஸ் மணமோ வியர்த்த காலுறை மணமோ வந்தால் வீசிவிடுங்கள். முழுப்பூவில் காற்றுப் படும் இடம் அதிகம், அதனால் பெல்லெற்றைவிட விரைவில் பழுதாகும். நான் எதுவானாலும் காற்று நீக்கிய பொதியில் உறைபெட்டிக்குள்தான் வைப்பேன்.

வெயில் காய்ந்தவன் | இரவு 10.33
கசப்புக்குக் காரணம் வெப்பம். பியர் ஈஸ்டுகளில் பலவற்றுக்கு 20 பாகை வேண்டும், நமது வீடுகளில் 30க்குக் குறையாது. நோர்வேயின் குவைக் ஈஸ்ட் 35 பாகையிலும் ஒழுங்காக வேலை செய்யும். அதற்கு மாறினால் இந்தப் பிரச்சினையே வராது.

வடலி | இரவு 10.37
குவைக் நல்ல யோசனைதான். ஆனால் அவர் சுவைத்தது ஈஸ்ட் போடுவதற்கு முன்பு. நொதிக்காத பானையில் நொதிப்பு வெப்பத்துக்கு என்ன வேலை?

கச்சேரியடி | இரவு 10.50
ஒருவரும் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டத்தின்படி அனுமதிப்பத்திரம் இல்லாமல் மதுபானம் தயாரிப்பது குற்றம். கள்ளச் சாராயமான கசிப்புக்கு மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். இங்கிலாந்தில் 1963இல் வீட்டு பியருக்கான அனுமதி முறையை நீக்கினார்கள், அமெரிக்காவில் 1978இல் அதை அனுமதித்துச் சட்டம் கொண்டுவந்தார்கள். வெளியில் இருந்து ஆலோசனை சொல்லும் உறவுகள் இதையும் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

பனங்கூடல் | இரவு 11.02
கடல் கடந்து வரும் பூவுக்கு எதற்கு இவ்வளவு பாடு? ஹொப்ஸ் செய்கிற வேலையை நமது சுண்ணாம்பு காலங்காலமாகச் செய்கிறது. பனஞ்சாறு இறக்கும் முட்டிக்குள் சுண்ணாம்பு தடவினால் கருப்பணி, அதாவது பதநீர், புளிக்காது.

மருந்தாளர் | இரவு 11.15
இரண்டும் ஒன்றல்ல. சுண்ணாம்பு காரத்தன்மையைக் கூட்டி ஈஸ்ட், பற்றீரியா இரண்டையும் அடக்கிவிடும். அதனால்தான் கருப்பணி இனிப்பாகவே நிற்கிறது, பனங்கட்டியும் காய்ச்ச முடிகிறது. ஹொப்ஸின் அமிலம் பாலைத் தயிராக்கும் வகைப் பற்றீரியாக்களைத் தடுக்கும், ஈஸ்டைத் தடுக்காது. பியர் நொதிக்கவும் வேண்டும், புளிக்கவும் கூடாது. அதற்குத்தான் ஹொப்ஸ்.

பனங்கூடல் | இரவு 11.21
சுண்ணாம்பு தடவாத முட்டியில் இறங்குவது கள். அன்றே இறக்கி அன்றே குடிப்பதற்குப் பாதுகாப்பு எதற்கு? வைத்துக் குடிக்க வேண்டும் என்ற எண்ணமே குளிர்நாட்டுக்காரருடையது. பனை நிற்கிற மண்ணில் இருந்துகொண்டு பியருக்கான மோல்ற் பாகு, அதாவது முளைத்த பார்லியின் பாகு, இறக்குமதி செய்வதை என் மனம் ஏற்கவில்லை.

கொக்குவில் புதியவன் | சனி காலை 6.48
மன்னிக்கவும், நித்திரையாகிவிட்டேன். 20 லீற்றர். தொடக்கத்தில் 60 கிராம், இறக்கும்போது 40 கிராம். இரண்டு தடவையும் ஹொப்ஸ் வகை ‘ஈஸ்ட் கென்ட் கோல்டிங்ஸ்’, அல்பா அமிலம் 5 சதவீதம். பொதி உறைபெட்டியில்தான் இருந்தது. அக்கா சொன்னபடி பிளந்து பார்த்தேன், நல்ல மஞ்சள், மணமும் நல்லது.

வடலி | காலை 7.05
அப்படியானால் பூவில் குற்றமில்லை. தண்ணீர்?

கொக்குவில் புதியவன் | காலை 7.09
வீட்டுக் கிணறுதான். முதல் தடவை மச்சான் நின்றதால் போத்தல் தண்ணீர் வாங்கினோம். அது முக்கியம் என்று நினைக்கவில்லை.

வடலி | காலை 7.26
அதுதான் முக்கியம். நாம் சுண்ணாம்புக்கல்லின் மேல் குடியிருக்கிறோம். உங்கள் கேத்தலின் அடியில் படிந்திருக்கும் வெள்ளைப் படையைப் பாருங்கள், அதே கார்பனேற்றுதான் பானைக்குள்ளும் போனது. அது கொதிநீரின் காரத்தன்மையைக் கூட்டும். அப்போது அல்பா அமிலத்தின் கசப்பு கரடாகிறது, இதழ்களிலிருந்தும் தேயிலைச் சாயம்போல் துவர்ப்பு இறங்குகிறது. நீங்கள் சொன்ன ‘இழுத்துப் பிடிப்பது’ கசப்பல்ல, துவர்ப்பு.

ஈஸ்ட்ஹாம் மாமா | காலை 7.44
தவறு. இங்கிலாந்தின் பேர்ட்டன் நகரத்துத் தண்ணீர் மிகவும் கடினமானது. ஹொப்ஸ் நிறைந்த பியருக்கு உலகம் முழுக்கப் பெயர் பெற்றதே அந்த ஊர்தான். அடிப்படை தெரியாமல் புதியவரைக் குழப்ப வேண்டாம்.

வடலி | காலை 8.02
மாமா, பேர்ட்டன் தண்ணீரின் பெயர் ஜிப்சத்தால், அதாவது கல்சியம் சல்பேற்றால் வந்தது. சல்பேற்று ஹொப்ஸின் கசப்பைத் துலக்கமாக்கும். நான் சொல்வது கார்பனேற்று. அது மிகுந்த இலண்டனில் கறுத்த போர்ட்டர் பியர் எடுபட்டது, மென்மையான தண்ணீர் உள்ள செக் நாட்டுப் பில்சன் நகரத்தில் வெளிறிய பியர் எடுபட்டது. கடினம் என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு பொருள்கள் இருக்கின்றன.

புதியவருக்கு: சண்டையை விடுங்கள், நாக்கே சொல்லட்டும். ஒரு லீற்றர் கிணற்றுத் தண்ணீர், ஒரு லீற்றர் போத்தல் தண்ணீர். ஒவ்வொன்றிலும் 3 கிராம் பூ, 15 நிமிடம் கொதி. வடித்து, ஆறவிட்டு, அடுத்தடுத்துச் சுவையுங்கள். இதில் மதுவும் இல்லை, கச்சேரியடி அண்ணைக்கும் கவலை இல்லை. கிணற்றுத் தண்ணீரையே பாவிக்க விரும்பினால் முதல்நாள் நன்றாகக் கொதிக்கவைத்து, இரவு முழுக்க அசையாமல் வைத்து, அடியில் படிந்த வெள்ளையை விட்டு மேல்தண்ணீரை மட்டும் எடுங்கள். உவர்க் கிணறு என்றால் அதுவும் உதவாது, கொதிக்கவைத்தால் உப்புப் போகாது.

கொக்குவில் புதியவன் | ஞாயிறு மாலை 5.30
செய்தேன். போத்தல் தண்ணீர் வெளிறிய பச்சை, கசப்பு வந்து போய்விட்டது. கிணற்றுத் தண்ணீர் வெறுந்தேநீர் நிறம், அதே இழுப்பு. மனைவிக்குச் சொல்லாமல் கொடுத்தேன், அவரும் அதைத்தான் தள்ளி வைத்தார். எல்லோருக்கும் நன்றி.

மருந்தாளர் | மாலை 5.52
நல்லது. குழாய்க்குப் பை தைத்துவிட்டீர்களா?

திருநெல்வேலிச் சந்தை | செவ்வாய் காலை 8.15
தம்பி?