வானவில்லுக்குள் தெரியும் மெல்லிய வரிகள்: கலைச்சொல் தேவை

அனைவருக்கும் வணக்கம்.

வளிமண்டல ஒளியியல் சொற்பட்டியலில் ஓர் இடம் இன்னும் காலியாகக் கிடக்கிறது. முதன்மை வானவில்லின் ஊதா விளிம்புக்கும் உள்ளே, வெளிர்பச்சையும் இளஞ்சிவப்பும் மாறி மாறி இரண்டு மூன்று மெல்லிய பட்டைகள் சில வேளை தெரியும். ஆங்கிலத்தில் சூப்பர்நியூமரரி என்கிறார்கள், அதாவது கணக்குக்கு மேற்பட்டவை.

இதுவரை வந்த சொற்கள்: மிகைவில், உபரிவில், துணைவில், குறுக்கீட்டு வில். என் ஓட்டு மிகைவில்லுக்கு. வரையறையின் வரைவையும் கீழே தந்திருக்கிறேன்.

"மழைத்துளிக்குள் முழு அக எதிரொளிப்பு அடைந்து வெளிவரும் ஒளி, குறுக்கீட்டு விளைவால் வானவில்லின் உட்புறம் தோற்றுவிக்கும் கூடுதல் வானவிற்கள்."

---

> என் ஓட்டு மிகைவில்லுக்கு.

எதற்கு மேல் மிகை? அங்கேதான் இடிக்கிறது.

துளியின் ஆரத்தை 1 என்று கொண்டால், மையத்திலிருந்து ஏறக்குறைய 0.86 தொலைவில் நுழையும் கதிர்தான் மிகக் குறைவாகத் திசைமாறுகிறது. அந்தச் சிறும திசைமாற்றம் சுமார் 138 பாகை. சூரியனுக்கு நேரெதிர்ப் புள்ளியிலிருந்து 42 பாகையில் வில் தெரிவது இதனால்தான். டெக்கார்ட் 1637இல் கதிர் கதிராகக் கணக்குப் போட்டுக் காட்டியதும் இதையே. நியூட்டனின் நிறப்பிரிகையைச் சேர்த்தால் சிவப்பு 42.4, ஊதா 40.6 பாகை என்று வரும். அதோடு அந்தக் கணக்கு முடிந்துவிடும், உள்ளே தெரியும் மெல்லிய பட்டைகளுக்கு அதில் இடமில்லை.

அந்தச் சிறுமக் கதிருக்கு இருபுறமும் பாருங்கள். கொஞ்சம் மையத்தை ஒட்டி நுழையும் ஒரு கதிரும், கொஞ்சம் விளிம்பை ஒட்டி நுழையும் இன்னொரு கதிரும் ஒரே திசையில் வெளியேறுகின்றன. இரண்டும் துளிக்குள் கடந்த பாதையின் நீளம் ஒன்றல்ல. ஒளியலையின் முகடும் முகடும் சேரும் திசையில் வெளிச்சம், முகடும் அகடும் சேரும் திசையில் இருள். இதுதான் குறுக்கீடு. தாமஸ் யங் 1803இல் இந்தப் பட்டைகளுக்குச் சொன்ன விளக்கம் இது. 1838இல் ஜார்ஜ் ஏரி (Airy) என்ற ஆங்கிலேய வானியலாளர் அலைக்கோட்பாட்டின்படி ஒளிச்செறிவைக் கணக்கிட்டபோது ஒரு செய்தி தெளிவானது: முதன்மை வில் என்று நாம் சொல்வதே இந்த வரிசையின் முதல் முகடு. மற்றவை அதே வில்லின் இரண்டாம், மூன்றாம் முகடுகள்.

ஆகவே இவை கூடுதல் வில் அல்ல. மிகை, உபரி, துணை மூன்றையும் தள்ளிவிடலாம். துணைவில்லில் இன்னொரு சிக்கலும் உண்டு. வெளியே 50 முதல் 53 பாகைக்குள் நிறம் தலைகீழாகத் தெரியும் இரண்டாம் வானவில்லைச் சிலர் ஏற்கெனவே துணை வானவில் என்று எழுதுகிறார்கள்.

---

அப்படியானால் அலைவில்? அலையால் உண்டான வில். சுருக்கமாகவும் இருக்கிறது.

---

> அப்படியானால் அலைவில்?

"அலைவில் ஏற்படும் மாற்றம்" என்று எழுதிப் பாருங்கள். அலைவு என்பது இயற்பியலில் நிலைபெற்ற சொல். படிப்பவர் அதை அலைவு + இல் என்றுதான் பிரிப்பார். தனியாகப் பார்க்கும்போது அழகு, வாக்கியத்தில் போட்டால் பொறி.

---

குறுக்கீட்டு வில் பற்றி ஒரு சொல். இலங்கைப் பாடநூல்களில் படித்தவர்களுக்கு அது தலையீடு. ஒளிவிலகல் முறிவு, எதிரொளிப்பு தெறிப்பு. காரணத்தைப் பெயருக்குள் திணித்தால் இரண்டு கரைக்கும் இரண்டு சொல் வேண்டிவரும். கண்ணுக்குத் தெரிவதை வைத்துப் பெயரிட்டால் அந்தத் தொல்லை இல்லை.

வரைவில் ஒரு பிழையும் இருக்கிறது. இங்கே நடப்பது முழு அக எதிரொளிப்பு அல்ல. வானவில் கதிர் 59.4 பாகையில் துளியின் மேற்பரப்பில் விழுகிறது. உள்ளே 40.2 பாகையாக விலகிப் பின்சுவரை அதே 40.2 பாகையில் தொடுகிறது. தண்ணீரின் மாறுநிலைக் கோணம் 48.6. அதைத் தாண்டாமல் முழு எதிரொளிப்பு எங்கிருந்து வரும்? கதிர் நுழைந்த கோணத்திலேயே வெளியேறுவதால் கோள வடிவத் துளிக்குள் அது நடக்கவே நடக்காது. பின்சுவரில் திரும்புவது சராசரியாக 6 விழுக்காடுதான், மிச்சமெல்லாம் பின்பக்கமாக வெளியேறிவிடுகிறது. பாடநூல்களிலும் கலைக்களஞ்சியக் கட்டுரைகளிலும் இந்தத் தவறு சலிக்காமல் திரும்பத் திரும்ப அச்சாகிறது. நம் பட்டியலிலாவது வேண்டாம்.

சோதிக்க எளிய வழி உண்டு. ஒருதிசை அதிர்வை மட்டும் விடும் போலராய்டு தகட்டைக் கண்முன் பிடித்துச் சுழற்றினால், வில்லின் உச்சிப்பகுதி ஒரு நிலையில் ஏறக்குறைய மறைந்துவிடும். வில்லின் தொடுகோட்டுத் திசையில் அதிரும் ஒளி பின்சுவரில் 11 விழுக்காடு திரும்ப, அதற்குச் செங்குத்தான அதிர்வு அரை விழுக்காடுகூடத் திரும்பாததே காரணம். முழு எதிரொளிப்பாக இருந்தால் இரண்டும் ஒரே அளவில் திரும்பியிருக்கும்.

---

நல்ல திருத்தம். வரையறையில் "ஒருமுறை அக எதிரொளிப்பு" என்றே போடுவோம்.

பெயருக்கு வருகிறேன். ஈறு "வில்" ஆகவே இருக்கக் கூடாது என்பது ஒத்துக்கொள்ளப்பட்டதாக எடுத்துக்கொள்கிறேன். பட்டை என்றால் வில் + பட்டை புணர்ந்து விற்பட்டை ஆகும். ஏதோ விற்பனைக்கு வந்தது போல இருக்கிறது. வரைவில் உள்ள "வானவிற்கள்" வேறு. அது வானவில்கள் என்றே இருக்கட்டும். வரிவில் என்றால் பழம்பாட்டில் வேட்டுவன் கையில் இருப்பது.

திருப்பிப் போட்டால்? வில்வரி. புணர்ச்சியில் திரியாது. முதல் வில்வரி, இரண்டாம் வில்வரி, வில்வரி இடைவெளி என்று எண்ணவும் அளக்கவும் வரும். இரண்டாம் வானவில்லுக்கு இவை வெளிப்பக்கம் அமையும் என்பதால் "உள்" என்ற முன்னொட்டைச் சேர்க்காததும் நல்லது.

---

சொத்துவரி, வில்வரி என்று கிண்டல் வரும். வரட்டும். வரிக்குதிரையைப் பார்த்து யாரும் வருமான வரித்துறையை நினைப்பதில்லை.

வில்வரிக்கு என் ஓட்டு. பதிவில் அளவுகளும் வேண்டும், இல்லாவிட்டால் எல்லா வானவில்லிலும் இவை ஏன் தெரிவதில்லை என்ற கேள்வி நிற்கும்.

இடைவெளி துளியின் அளவைப் பொறுத்தது. துளி 8 மடங்கு பெரிதானால் இடைவெளி நான்கில் ஒன்றாகும். 0.5 மி.மீ. விட்டமுள்ள துளியில் முதன்மை முகட்டுக்கும் முதல் வில்வரிக்கும் இடையே சுமார் 1 பாகை. சூரிய வட்டமே அரைப் பாகை அகலம் என்பதால் ஒவ்வொரு வரியும் அந்த அளவுக்குக் கலங்கித்தான் தெரியும். துளி 1 மி.மீ.யைத் தாண்டும்போது வரிகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து அழியத் தொடங்கும். பெருந்துளி மழையில் வில் பளிச்சென்று இருந்தும் வில்வரி தெரியாமல் போவது இதனால். மறுமுனையில், துளி 0.1 மி.மீ.க்கும் கீழே இறங்கினால் நிறங்களே ஒன்றோடொன்று கலந்து வெண்மையான மூடுபனி வில்லாகிவிடும். அதற்குள்ளும் அகன்ற வில்வரிகள் வரும்.

தேட வேண்டிய இடம் வில்லின் உச்சி. பெரிய துளிகள் விழும்போது காற்றழுத்தத்தால் அடிப்புறம் தட்டையாகின்றன. அவற்றின் வரிகள் உச்சியில் இடம் மாறிச் சிதறிப்போக, அரை மில்லிமீட்டர் அளவுள்ள துளிகளின் வரிகள் மட்டும் அங்கே ஒன்றாகக் குவியும். வில்லின் கால்களில் ஒளி கடப்பது துளியின் கிடைமட்ட வட்டக் குறுக்குவெட்டு வழியாக. அங்கே எல்லா அளவுத் துளிகளும் தத்தம் வரியைக் கொட்டிக் குழப்பிவிடும்.

செய்முறைக்குறிப்பாக: ஊசிமுனையில் தொங்கும் 2 மி.மீ. துளியின் மீது, மையத்திலிருந்து ஒருபக்கம் தள்ளி, சிவப்பு லேசரைக் கிடைமட்டமாகப் பாய்ச்சவும். வந்த வழியிலிருந்து 42 பாகை விலகிய திசையில், 1 மீட்டர் தொலைவில் வெள்ளைத்தாள் வைத்தால் செங்குத்து வரிகள் விழும். முதல் இரண்டு முகடுகளுக்கு இடையே ஏறக்குறைய 8 மி.மீ., பிறகு போகப் போக நெருங்கும். தாளில் ஒன்றும் விழாவிட்டால் லேசர் துளியின் நடுவில் பாய்கிறது. விளிம்புப் பக்கம் நகர்த்தவும். லேசர் மட்டத்தில் கண்ணை வைக்கக் கூடாது.

---

திருத்திய பதிவு:

"வில்வரி (பெ.): மழைத்துளிக்குள் ஒருமுறை அக எதிரொளிப்பு அடைந்து ஒரே திசையில் வெளியேறும் இரு கதிர்களின் குறுக்கீட்டால் (இலங்கை: தலையீட்டால்), முதன்மை வானவில்லின் ஊதா விளிம்பை ஒட்டி உட்புறம் தோன்றும் மெல்லிய நிறவரி. துளிகள் சிறியனவாகவும் ஒத்த அளவினவாகவும் இருக்கையில், பெரும்பாலும் வில்லின் உச்சியில் தெரியும். இரண்டாம் வானவில்லில் இருமுறை எதிரொளிப்பால் வெளிப்புறம் அமையும். காண்பது மிக அரிது."

வேறு மறுப்பு இல்லையென்றால் இதைப் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன். அடுத்தது, முதன்மை வில்லுக்கும் இரண்டாம் வில்லுக்கும் இடையில் உள்ள அலெக்சாண்டரின் இருண்ட பட்டை. அதற்கு இருள்பட்டை, இடையிருள் என்று இரண்டு சொற்கள் வந்திருக்கின்றன.